மலைக் குடியிருப்பில் டெங்கு கார்டு டெஸ்ட்: வாங்கி வைக்கலாமா?

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் ஒரு காணிப் பழங்குடிக் குடியிருப்பில் இளைஞர் குழு நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். மழை பிடித்தால் ஊரில் காய்ச்சல் வருகிறது. ரத்தம் பார்க்கப் படகேறி, பஸ் பிடித்துப் போக வேண்டும். பதினைந்து நிமிடத்தில் முடிவு சொல்லும் டெங்கு கார்டு கடையில் கிடைக்கிறது. நன்கொடை திரட்டி நூறு கார்டு வாங்கி வைத்தால் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாமா? ஒரு பெட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டார்களாம். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனைக்குக் கையில் தூக்கிச் செல்லும் கருவி வாங்கலாமா என்பதும் அவர் கேள்வி.

இந்த மாவட்டத்தில் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டு மலைக்கு வர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நூறு கார்டை ஒரு வீட்டு அலமாரியில் வைத்து நீங்களே பார்க்கத் தொடங்குவதை ஆதரிக்க மாட்டேன். கார்டில் கோடு விழுந்தவரை, அதாவது டெங்கு என்று காட்டியவரை, எல்லோரும் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோடு விழாதவர்தான் வீட்டில் படுத்திருப்பார். டெங்குவில் அவரைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

மலையில் பரிசோதனை ஏன் அவசரம் என்பதை முதலில் பார்ப்போம். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். கொசுவுக்கும் இரண்டு பருவம். கோதையாறு, குற்றியாறு, கீரிப்பாறை, சிற்றாறு என மலையடிவாரம் முழுவதும் ரப்பர். மழையில் பால் வெட்டு நின்றவுடன் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்து வைக்காவிட்டால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு கொசுத் தொட்டி தொங்குகிறது என்று அர்த்தம். அதில் வளர்வது பெரும்பாலும் ஏடிஸ் அல்போபிக்டஸ், உடம்பில் வெள்ளை வரி போட்ட கொசு. பகலில் கடிக்கும், வீட்டைவிடத் தோட்டத்தையும் புதரையும் விரும்பும். அதன் முட்டைகள் காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, அடுத்த மழைத்தண்ணீர் பட்டதும் பொரியும். பால் வெட்டும் தொழிலாளி விடியுமுன் தோட்டத்துக்குள் நுழைந்து, பால் எடுத்துத் திரும்பும்வரை அந்தக் கொசுவின் நடுவில்தான் நிற்கிறார்.

அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது? முதல் நாள் சுக்குக் காப்பி. இரண்டாம் நாள் கடையில் ஒரு மாத்திரை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, அதனால் மூன்றாம் நாளும் தள்ளிப்போகிறது. தோட்டமலை, தச்சமலை போன்ற அக்கரைக் குடியிருப்புகள் என்றால் படகு வேண்டும், அணையில் காற்றும் மழையும் ஓய்ந்திருக்க வேண்டும். நாகர்கோவில் அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆய்வகத்தில் செய்யும் எலிசா பரிசோதனை ஒரே தட்டில் 96 குழிகளில் நடப்பது. மாதிரிகள் சேர்ந்த பிறகு ஒன்றாகத்தான் ஓட்டுவார்கள், அதற்கே சில மணி நேரம் பிடிக்கும். முடிவு கைக்கு வரும்போது காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டிருக்கலாம். டெங்குவில் ஆபத்தான கட்டம், அதாவது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும் நேரம், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் நோயாளி சாய்கிறார். எலிசாவைவிடத் துல்லியம் குறைந்த கார்டு மலைக்கு வேண்டும் என்று நான் சொல்வது, அது மிச்சப்படுத்தித் தரும் இந்த இரண்டு மூன்று நாளுக்காகத்தான்.

தொலைவு ஒரு நோயை எவ்வளவு காலம் மறைத்து வைக்கும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க எபோலாவைவிடக் கொடிய உதாரணம் இல்லை. கினி நாட்டின் காட்டுப் பகுதியில் 2013 டிசம்பரில் தொடங்கிய தொற்று, மாதிரிகள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து எபோலா என்று உறுதியானது 2014 மார்ச்சில். அதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அடங்கும்போது இறந்தவர்கள் 11,300-க்கு மேல். கையடக்கமான ஒரு எபோலா கார்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2015 பிப்ரவரியில் அவசர அனுமதி அளித்தபோதும், பிசிஆர் வசதி இல்லாத இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், முடிந்தவுடன் பிசிஆரில் உறுதிப்படுத்துங்கள் என்றுதான் சொன்னது. இந்த வரிசை உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

கார்டு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் தானாகப் புரியும். பிளாஸ்டிக் சட்டத்துக்குள் நைட்ரோசெல்லுலோஸ் பட்டை ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் ரத்தமும் கரைசலும் விட்டால் ஈரம் பட்டையில் ஊறி நகரும். வழியில் தங்க நுண்துகள் ஒட்டிய எதிர்ப்பொருள்கள் காத்திருக்கும். என்எஸ்1 எனப்படும் டெங்கு வைரஸின் புரதம் ரத்தத்தில் இருந்தால் அவை பிடித்துக்கொண்டு நகர்ந்து, 'டி' என்று குறித்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். துகள்கள் குவிந்து இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். மீதி ஓடிப்போய் 'சி' கோட்டில் நிற்கும்.

மேசையில் நடப்பது இதுதான். உறையைப் பிரித்தவுடன் உள்ளே சிறிய சிலிக்கா பொட்டலம் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலை ஸ்பிரிட்டால் துடைத்து அது காயும்வரை பொறுக்க வேண்டும். குத்திய பின் முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்க வேண்டும். விரலைப் பிசைந்து பிழியக் கூடாது. கார்டைச் சமதளத்தில் வைத்து, அதன்மேல் பெயரும் மணியும் எழுதி, தாளில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம். 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடுதான். ஆனால் நேரம் கடந்து அரை மணிக்குப் பிறகு மெல்லத் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது, அது பட்டை காயும்போது வரும் நிழல். நல்ல வெளிச்சம் வேண்டும். மழை மூட்டத்தில் மங்கிய அறையில் மங்கலான கோட்டைக் கண் தவறவிடும், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

'சி' கோடு வந்துவிட்டால் கார்டு நல்ல நிலையில் இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். திரவம் பட்டை முழுவதும் ஓடியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வெயிலில் கிடந்து 'டி' கோட்டின் எதிர்ப்பொருள் செத்துப்போயிருந்தாலும் 'சி' கோடு அழகாக வரக்கூடும். பெரும்பாலான கார்டுகளை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று உறையிலேயே இருக்கும். தகர ஷீட் போட்ட வீட்டில் மார்ச், ஏப்ரலில் என்ன வெப்பம் என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் வெப்பம் குறைந்தாலும் ஈரம் பிடிக்கும். உறையைப் பிரித்து வைத்துவிட்டு நோயாளியைத் தேடப் போகக் கூடாது. ஜீப்பின் முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு மதியம் கிடந்த பெட்டியை நான் என் கையால் தூக்கி எறிவேன்.

அடுத்தது நாள் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் கார்டை வாங்கவே வேண்டாம். என்எஸ்1 காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும், முதல் ஐந்து நாளில் பிடிப்பது எளிது. உடம்பு தயாரிக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் நான்கைந்து நாளுக்குப் பிறகுதான் எழும்பும். இரண்டாம் நாள் ஐஜிஎம் மட்டும் பார்க்கும் கார்டைப் போட்டால் வராது, எட்டாம் நாள் என்எஸ்1 மட்டும் பார்த்தாலும் பெரும்பாலும் வராது. இரண்டும் சேர்ந்த கார்டைக் கேட்டு வாங்குவது அதனால்தான். காய்ச்சல் எந்தத் தேதி, காலையா இரவா தொடங்கியது என்று கேட்டு எழுதாமல் விரலைத் தொடக் கூடாது. 'மூணு நாலு நாளா இருக்கு' என்பார்கள். சந்தை நாளுக்கு முன்பா பின்பா, ஞாயிறு ஆராதனைக்குப் போனாரா என்று கேட்டால் தேதி வந்துவிடும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகை. முன்பு ஒரு வகை வந்துபோனவருக்கு வேறொரு வகை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அந்த இரண்டாவது தொற்றில் பழைய எதிர்ப்பொருள்கள் விரைவாகக் கிளம்பி என்எஸ்1 புரதத்தைப் பிடித்து மூடிவிடுகின்றன. அதனால் கார்டுக்கு அது சிக்குவதில்லை. ஐஜிஎம்மும் இவர்களுக்குக் குறைவாகவே வரலாம். யாரைக் கண்டுபிடிப்பது மிகவும் அவசியமோ அவரையே கார்டு அதிகம் தவறவிடுகிறது. டெங்கு ஆண்டுதோறும் வந்துபோகும் ஒரு மாவட்டத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல.

எண்ணில் பார்ப்போம். உண்மையான டெங்கு நோயாளிகளில் நூற்றுக்கு 70 பேரைப் பிடிக்கும், டெங்கு இல்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத் தவறாகக் கோடு காட்டும் ஒரு கார்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நவம்பரில் ஊரில் டெங்கு பரவும்போது காய்ச்சலோடு வரும் 100 பேரில் 40 பேருக்கு டெங்கு என்றால் கார்டு 28 பேரைப் பிடிக்கும், 12 பேரை விட்டுவிடும். மீதி 60 பேரில் 3 பேருக்குத் தவறான கோடு. கோடு விழாதவர்கள் 69 பேர். அவர்களில் 12 பேருக்கு டெங்கு, ஏறத்தாழ ஆறில் ஒருவர். இப்போது அதே கார்டை டெங்கு அரிதாக இருக்கும் மார்ச் மாதத்துக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு வந்த 1000 பேரில் 10 பேருக்குத்தான் டெங்கு என்றால் 7 பேர் சரியாகச் சிக்குவார்கள். ஆனால் 50 பேருக்குத் தவறான கோடு விழும். கோடு விழுந்த எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் நோய். கார்டு மாறவில்லை, மாதம்தான் மாறியது. வருடம் முழுவதும் ஒரே மாதிரி பயன்படுத்தக் கூடாது என்பது இதனால்தான். மழைக்காலத்தில் கோடு விழாததை நம்பாதீர்கள், கோடைக்காலத்தில் கோடு விழுந்ததை உடனே நம்பிவிடாதீர்கள்.

ஆகவே 'டெங்கு இல்லை' என்ற வாக்கியத்தை மலையில் யாரும் சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம். 'கார்டில் தெரியவில்லை, நாளைக்கும் பார்க்க வேண்டும்' என்று சொல்லுங்கள். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், மந்தமாகக் கிடத்தல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, கைகால் சில்லிடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கார்டு என்ன சொன்னாலும் படகைக் கூப்பிட வேண்டும். கார்டே இல்லாவிட்டாலும் கூப்பிட வேண்டும். அதுவரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் ஊசி ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கஞ்சித் தண்ணீர், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கோடு விழாத காய்ச்சலுக்கு வேறு சொந்தக்காரர்களும் உண்டு. எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் இரண்டும் பாக்டீரியா நோய்கள், நேரத்தில் கொடுத்தால் டாக்சிசைக்ளின் போன்ற மலிவான மருந்திலேயே குணமாகும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், சட்டையைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை போதும். டெங்கு கார்டு கையில் வந்த பிறகு இந்தப் பொறுமை குறைந்துவிடுகிறது, அது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

சிக்குன்குனியாவுக்கும் கார்டு விற்கிறார்கள். அவை பெரும்பாலும் ஐஜிஎம் கார்டுகள், முதல் வாரத்தில் பயனில்லை. உங்கள் பணத்தை அதில் போட வேண்டாம்.

ஜிகா வேறு கதை. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று, நமது களியக்காவிளைக்கு அடுத்தாற்போல் இருக்கும் பாறசாலைப் பகுதியில் ஒரு கர்ப்பிணிக்கு உறுதியானது. அதைச் சொன்னது புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம். ஜிகாவும் டெங்குவும் ஒரே குடும்பத்து வைரஸ்கள் என்பதால் எதிர்ப்பொருள் பரிசோதனைகள் ஒன்றை மற்றொன்றாகக் காட்டும். நம்பத் தகுந்தது பிசிஆர்தான். கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் கார்டோடு நிறுத்தாமல் கீழே அனுப்ப வேண்டும் என்பதற்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

இனி கருவி. இந்தியாவில் உருவான ட்ரூநாட் இதில் உண்மையிலேயே பெருமைப்படத் தக்கது. கோவாவில் இயங்கும் மோல்பயோ நிறுவனத்தின் இந்தக் கருவி பேட்டரியில் ஓடுகிறது, சிறு சிப்பில் பிசிஆர் நடத்துகிறது, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு தருகிறது. காசநோய்க்காக நாடெங்கும் சிறு ஆய்வகங்கள்வரை போயிருக்கிறது. கொரோனா காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அதை 2020-ல் ஏற்றுக்கொண்டது. லேம்ப் எனப்படும் இன்னொரு முறை ஜப்பானில் பிறந்தது, 2000-ல் வெளியானது. பிசிஆர்போலச் சூடாக்கிக் குளிர்வித்து என்று மாறி மாறிப் போகாமல் 60 முதல் 65 டிகிரியில் ஒரே சூட்டில் வைத்தாலே மரபணுவைப் பெருக்கிவிடும். எதிர்காலத்தில் மலைக்கு வரப்போவது இத்தகைய முறைகள்தான் என்று நம்புகிறேன்.

ஆனால் ஒரு குடியிருப்பு இதை வாங்கக் கூடாது. சிப் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு உரியது, விலை அதிகம், காலாவதி உண்டு, பழுதானால் ஆள் வர வேண்டும், நடத்துபவருக்குப் பயிற்சி வேண்டும். மாதத்துக்கு நாலைந்து பரிசோதனை மட்டும் நடக்கும் இடத்தில் சிப் காலாவதியாகும், கை பழக்கம் விட்டுப்போகும். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்த பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் எத்தனை நாள் மின்சாரமில்லாமல் கிடந்தன என்பதும் நினைவிருக்க வேண்டும். பேட்டரியும் ஒரு நாளில் தீரும். கருவி இருக்க வேண்டிய இடம் பல குடியிருப்புகளின் மாதிரிகள் வந்து சேரும் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே வையுங்கள் என்று கோரிக்கை வையுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மலையில் கார்டு பார்ப்பது யார்? உங்கள் இளைஞர்களைவிட, அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர்தான் சரியான ஆள். கர்ப்பிணிகளுக்கு விரலில் குத்தி எச்ஐவி பார்ப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. மலேரியாவுக்கு இதே மாதிரிக் கார்டுகள் நாட்டின் பல காட்டுப் பகுதிகளில் ஆஷா பணியாளர்கள் கையில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. எச்ஐவியில் ஒரு கார்டில் கோடு விழுந்ததை மட்டும் வைத்துத் தொற்று உண்டு என்று யாரிடமும் சொல்வதில்லை, வெவ்வேறு முறையில் செய்த வேறு கிட்களிலும் பார்த்த பிறகுதான் சொல்கிறார்கள். டெங்குவிலும் அரசின் கணக்குப்படி கார்டில் வருவது 'இருக்கலாம்' என்ற நிலை மட்டுமே, எலிசா அல்லது பிசிஆர்தான் உறுதி. டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். வீட்டு அலமாரிக் கார்டில் விழுந்த கோடு சுகாதாரத் துறையின் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாவிட்டால் உங்கள் ஊருக்குக் கொசுமருந்து அடிக்க ஆளும் வராது. அது போக, குத்திய ஊசிகளும் ரத்தம் பட்ட கார்டுகளும் அணைத் தண்ணீரில் போய்ச் சேரக் கூடாது. செவிலியர் வழியாக நடந்தால் அவை முறையாகக் கீழே போகும்.

திரட்டும் பணத்தை என்ன செய்வது? என் யோசனை இது. ஒரு நல்ல ரத்த அழுத்தக் கருவி, சிறுவர்களுக்கான கைப்பட்டையோடு. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால் அது அதிர்ச்சி நிலை, எந்தக் கார்டும் சொல்லாத செய்தி. சில வெப்பமானிகள். மாதிரியைக் கீழே அனுப்ப ஐஸ் பெட்டி. பகலிலும் காய்ச்சல்காரர் படுத்திருக்கக் கொசுவலைகள், அவரைக் கடித்த கொசு பக்கத்து வீட்டுக்குப் போகாமலிருக்க. மீதியைப் படகு எரிபொருளுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்குப் படகுக்காரரிடம் கடன் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. படகு கொண்டுபோய் இறக்கும் கரையில் 108 வந்து நிற்கும் இடத்தையும் அங்கே செல்பேசி சிக்னல் கிடைக்கும் இடத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஜூனுக்கு முன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள். செவிலியர் கையில் எத்தனை கார்டு இருக்கும், முதல் பரிசோதனைக்குப் பிறகு தினமும் பிசிவியும் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) பிளேட்லெட் எனும் தட்டணுவும் எங்கே பார்ப்பது, மாதிரி எந்த நாளில் கீழே போகும், முடிவை யார் யாரிடம் போனில் சொல்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். பிசிவி முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள். தட்டணு எண்ணிக்கையைப் பற்றி ஊரே பேசுகிறது, இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய பெட்டியைப் பற்றி: காலாவதித் தேதியைப் பாருங்கள், உறையில் என்எஸ்1 இருக்கிறதா அல்லது ஐஜிஎம், ஐஜிஜி மட்டும்தானா என்று பாருங்கள், கடையிலிருந்து வந்த நாள் முதல் எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஐஜிஜி என்பது தொற்று போன பிறகும் நீண்ட நாள் ரத்தத்தில் தங்கும் எதிர்ப்பொருள்; அது மட்டும் கோடு காட்டினால் பழைய தொற்றாகவும் இருக்கலாம், அதை வைத்து யாரையும் பயமுறுத்தாதீர்கள். தகர ஷீட்டுக்கு அடியில் கோடையைக் கழித்த பெட்டி என்றால் பயன்படுத்தாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் செவிலியரிடம் காட்டி, அந்த வகைக் கார்டை அரசு ஆய்வகம் ஏற்குமா என்று மருத்துவ அலுவலரிடம் கேட்டுவிட்டு ஒப்படைத்துவிடுங்கள்.